பின்னிணைப்பு மூன்றில் பேசும் பெண்

பள்ளிப் படிப்பு முடிந்து, நூலக அறிவியல் படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். புத்தகத்தை எடுத்துக் கொடுக்க எதற்குப் படிப்பு? கேட்கிறவர்களில் பாதிப்பேர் கடைசியாகப் புத்தகத்தைத் தொட்டது, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று தேவைப்பட்டபோது. ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே என் சித்தியைப் பற்றி எழுதிவிடுகிறேன். அவள் அம்மாவின் தங்கை. நாங்கள் மாடியிலும் அவள் கீழ்த்தளத்திலும் குடியிருக்கிறோம். பத்தொன்பது வருடமாக ஒரு பொறியியல் நிறுவனத்தில் நூலகர்.

அந்த நிறுவனம் ஊர்களுக்குக் குடிநீர்க் குழாயும் நீரேற்று நிலையமும் வடிவமைத்துத் தருகிறது. நான்கு மாடிக் கட்டடம். மேலே போகப்போக நாற்காலிகள் பெரிதாகும். நூலகம் தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுக்காகக் காத்து நிற்பவர்கள் பொழுது போகாமல் உள்ளே எட்டிப் பார்ப்பதால்தான் வருடா வருடம் வாசகர் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனது. உள்ளே ஆறு இரும்பு அலமாரிகள், பெரிய படங்களை மடிக்காமல் வைக்கும் அகலமான இழுப்பறைகள், ஈரம் பூத்த ஒரு சுவர், அந்தச் சுவரை மறைக்க மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்காட்டி.

புத்தகப் பட்டியல் கம்ப்யூட்டருக்குப் போன வருடம், ஒன்றும் எழுதாத பட்டியல் அட்டைகள் நாலாயிரம் மிஞ்சின. தூக்கிப் போடச் சொன்னார்கள். சித்தி வெறும் காகிதத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல் போடமாட்டாள். அந்த அட்டைகளை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டாள். யாராவது வந்து ஏதாவது கேட்டால் ஓர் அட்டை. மேலே கேள்வி, அடுத்து கேட்டவர் பெயர். பதில் புத்தகத்தில் கிடைத்தால் பக்க எண். கிடைக்காவிட்டால் யாரிடம் அனுப்பினாள் என்பது. பாதிக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் இருக்காது. மலைச்சரிவில் இறங்கும் ஒரு குழாய் ஏன் எப்போதும் மூன்றாவது வளைவில் மட்டும் வெடிக்கிறது என்று எந்த ஆசிரியரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அது வெடித்தபோது தண்ணீர் அவர் முகத்தில்தான் அடித்தது.

இதோடு விட்டிருந்தால் அவளை யாரும் தொந்தரவு செய்திருக்கமாட்டார்கள். சித்தி மூன்று மாதம் கழித்து, கேள்வி கேட்டவரை லிஃப்டு வாசலில் மடக்குவாள். அன்றைக்கு வழிகாட்டியவர் சொன்னது வேலைக்கு ஆயிற்றா என்று கேட்பாள். பதிலை அட்டையின் கடைசி வரியில் எழுதுவாள். வேலைக்கு ஆகவில்லை என்றால், வழி சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறவர் என்று அர்த்தம். ஒன்றிரண்டு புள்ளி எல்லோருக்கும் இருந்தது. மாடி ஏற ஏறப் புள்ளிகள் கூடின. அதனால் அந்த இழுப்பறைக்கு மட்டும் பூட்டு உண்டு, சாவி சித்தியின் கைப்பையில்.

இப்படி இருக்கும்போது நிர்வாக மேலாளர் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். அங்கே அவருக்கு ஒரு பை, ஒரு பேனா, 'அறிவு மேலாண்மை' என்ற சொல், மூன்றும் கிடைத்தன. பை ஒரு மாதத்தில் கிழிந்தது. பேனா அதற்கும் முன்னால் தொலைந்தது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. நிறுவனத்தின் அறிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அறிவு இருந்த ஆட்களைக் கேட்டிருந்தால் இரண்டு நாளில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் உள்ளூர் ஆட்கள், சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களை எப்படி நம்புவது?

ஆலோசகர் திரையில் காட்டிய எல்லாப் படத்திலும் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போனது. இந்தப் பக்கம் பணியாளர், அந்தப் பக்கம் வெற்றி. நடுவில் அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தனக்கு மட்டும் புரியவில்லை என்று தெரிந்துபோகுமே. கூட்டம் முடிவதற்குள் டிராஃப்ட்ஸ்மேன் அவருக்கு அம்புக்குறியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

அம்புக்குறியார் எல்லா மாடியிலும் ஆளுக்கு அரைமணி நேரம் பேசினார். நூலகத்தில் மட்டும் மூன்று நாள் உட்கார்ந்தார். சித்தி எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவள். கேள்வி கேட்கப்பட்டால் முழுப் பதில், ஆதாரத்தோடு. அதுதான் அவள் படித்த படிப்பு. கேள்வி அட்டையை எப்படி எழுத வேண்டும், எப்படித் திரும்பப் போய் விசாரிக்க வேண்டும், சிவப்புப் புள்ளி எப்போது வைக்க வேண்டும், அதை ஏன் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஏழு படியாகப் பிரித்துச் சொன்னாள். அவர் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து அனுப்பியபோது எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தாள். பெயரை எப்படிப் போடட்டும் என்று அவர் கேட்டதற்கு, பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"கேள்விக்குப் பதில் சொல்றது நூலகம். ஆள் பேரு எதுக்குங்க?"

இப்படி ஒரு தவறை ஒரு நூலகரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. மற்ற மாடிகளில் செய்யாத வேலைக்கே பெயர் போட்டுக்கொள்வார்கள்.

ஆறு மாதம் கழித்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது. ஆறு பிரதிகள். ஐந்து பிரதிகள் ஐந்து பெரியவர்களின் மேசைக்குப் போய், கம்ப்யூட்டர் திரைகளைக் கண்ணுக்கு நேராக உயர்த்தும் அரும்பணியைச் செய்தன. ஆறாவது நூலகத்துக்கு வந்தது. நூலகத்துக்கு வரும் எந்த அறிக்கைக்கும், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பொருளடைவு தயாரிப்பது சித்தியின் வழக்கம். அதற்குக் கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் பின்னிணைப்பு மூன்று தொடங்கியது. அங்கே சித்தி சொன்ன ஏழு படிகளும் ஒரு சொல் மாறாமல் இருந்தன. பேசியவர்: 'உள் தகவலாளர், பெண், நடுத்தர வயது'. சித்தி அதற்கும் பொருளடைவு எழுதி அலமாரியில் வைத்தாள். நடுத்தர வயது என்று போட்டதுதான் கொஞ்சம் உறுத்தியது என்று அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

அறிக்கையின் பரிந்துரைப்படி ஒரு மென்பொருள் வந்தது. பணியாளர் ஒவ்வொருவரும் மாதம் மூன்று அறிவை அதில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. லிஃப்டு பழுது பற்றிய அறிவிப்பை மட்டும் பதினான்கு பேர் ஏற்றினார்கள். பிறகு சுற்றறிக்கை வந்தது. வருடக் கடைசியோடு நூலகர் பதவி நீக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக அறிவு மேலாளர் என்ற பதவி. இப்போதைய நூலகர் அறிவு மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வில் நூற்றுக்கு அறுபது எடுத்தால் அவரே பரிசீலிக்கப்படுவார். எடுக்காவிட்டால் ஊருக்கு வெளியே குழாய்கள் அடுக்கியிருக்கும் ஸ்டோருக்கு மாற்றல். நூலகத்தில் உள்ள 'பதிவேட்டில் இல்லாத காகிதங்கள்' அகற்றப்படும்.

ஸ்டோருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் சித்தி சுற்றறிக்கையின் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். கேள்வி அட்டைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றுக்கு எண் கிடையாது. அலுவலகத்தின் கண்ணில் அவை குப்பை.

ஆகவே பத்தொன்பது வருடம் செய்த வேலையை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ள, சித்தி சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போனாள். ஒரு வங்கியின் மாடியில் பயிற்சி நிறுவனம். பன்னிரண்டு பேர், எல்லோரும் பதவி நீக்கப்பட்ட நூலகர்கள், ஆவணக் காப்பாளர்கள். சித்திக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் ஆஸ்பத்திரிப் பதிவறைக்காரர். முதல் பாடம் ஒரு முக்கோணம். அடியில் தரவு, மேலே தகவல், அதற்கு மேலே அறிவு, உச்சியில் ஞானம். பன்னிரண்டு பேரும் அளவுகோல் வைத்து வரைந்தார்கள். உச்சியில் இடம் ரொம்பக் குறைச்சலாக இருக்கிறதே என்று பதிவறைக்காரர் கவலைப்பட்டார். எங்கள் ஆபீஸில் அதுவே அதிகம் என்று சித்தி ஆறுதல் சொன்னாளாம். இரண்டாவது பாடம், அறிவைப் பகிரும் பண்பாடு. அந்தப் பாடக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, 'பிறரோடு பகிரக் கூடாது' என்று அச்சடித்திருந்தது.

நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல பாடங்களும் இருந்தன. வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைசி வாரத்தில் என்ன கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைச் சித்தி இரண்டு முறை படித்தாள்; தான் அதைச் சரியாகச் செய்யாமல் மூன்று பேரை அனுப்பிவிட்டதாக வருத்தப்பட்டாள். புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்தால் அவள் ஒருநாளும் முறைக்கமாட்டாள். ஆறாவது பாடத்தில்தான் வந்தது வினை.

பாடத்தின் தலைப்பு, 'நிபுணர் இருப்பிட வரைபடம்: ஐந்து படிகள்'. எழுதியவர் அம்புக்குறியார். முதல் படியைப் படித்ததும் சித்திக்குத் தன் குரலே காதில் கேட்டதாம். எல்லாம் அவள் சொன்னவை. அவள் திருத்திய இடத்தில் அவள் போட்ட காற்புள்ளிகூட அப்படியே இருந்தது. ஆனால் ஐந்தோடு நின்றுவிட்டது. திரும்பப் போய் விசாரிப்பதும் இல்லை, சிவப்புப் புள்ளியும் இல்லை. சித்தி கையைத் தூக்கினாள்.

"சார், ரெண்டு விட்டுப்போச்சு."

"புத்தகத்துல அஞ்சுதாம்மா இருக்கு," என்றார் வகுப்பெடுத்தவர்.

தேர்வில் அதே கேள்வி வந்தது, பத்து மதிப்பெண்ணுக்கு. ஐந்து எழுதிவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். சித்தியால் முடியவில்லை. தப்பான விலாசத்தைத் தெரிந்தே எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது என்றாள். ஏழையும் எழுதினாள். மொத்தம் ஐம்பத்தெட்டு வந்தது. அந்தக் கேள்விக்கு ஆறு. ஓரத்தில் திருத்தியவரின் குறிப்பு: 'கேட்டது ஐந்து, எழுதியது ஏழு. கடைசி இரண்டும் பாடத்தில் இல்லை. எதிர்மறைப் பார்வை.'

இரண்டு மதிப்பெண். நிர்வாக மேலாளர் அடுத்த வாரமே நூலகத்துக்கு இரண்டு சாக்குப் பை அனுப்பிவைத்தார், முப்பதாம் தேதிக்குள் காகிதங்களைக் கட்டிவைக்கச் சொல்லி. சித்தி சாக்குகளை மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு, மறுமதிப்பீட்டு விதிகளை வீட்டுக்கு எடுத்து வந்தாள். நான்காவது விதி: தன் விடை சரி என்பதற்குத் தேர்வர் அச்சிட்ட ஆதாரம் காட்ட வேண்டும். ஐந்தாவது விதி: தேர்வரின் சொந்த அனுபவமோ சொந்தப் படைப்போ ஆதாரமாகாது.

சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர். அறிக்கையை நூலகத்திலிருந்து முறைப்படி இரவல் பதிவு செய்து கொண்டுவந்திருந்த சித்தி, அதை அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"அப்புறம் என்ன? நேராப் போயி, இதுல பேசறது நான்தான்னு சொல்லு," என்றார்.

"சொன்னா மார்க் போச்சு."

"ஏன் போகுது?"

"அஞ்சாவது விதியைப் படிங்க. நான் சொன்னதுன்னா செல்லாது. வேற யாராவது சொல்லியிருந்தாத்தான் செல்லும்."

"அந்த வேற யாரோ நீதானே?"

"அதை நான் சொல்லாம இருக்கிற வரைக்கும் இல்லை."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது விதியை மறுபடி படித்தார். கண்ணாடியில் கோளாறு ஒன்றுமில்லை.

மறுமதிப்பீட்டுக் குழுவில் பயிற்சி நிறுவனத் தலைவரும் விடைத்தாள் திருத்தியவரும் இருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில், பாடத்தை எழுதியவர் என்ற முறையில் அம்புக்குறியார். சித்தி உள்ளே போனதும் அவர் பேனா மூடியைத் திருக ஆரம்பித்தார். மூன்று நாள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவள் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தவர். அடையாளம் தெரியாமல் இருக்க வழியில்லை. அங்கே நடந்ததைச் சித்தி வீட்டுக்கு வந்து சொல் மாறாமல் சொன்னாள்.

சித்தி அறிக்கையை மேசையில் வைத்து, சீட்டு செருகிய பக்கத்தைத் திறந்தாள். தலைவர் ஏழு படிகளையும் வாசித்தார். விடைத்தாளையும் வாசித்தார். அம்புக்குறியாரைப் பார்த்து, இது உங்கள் அறிக்கைதானே என்று கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் இல்லை. அறிக்கையின் மேலட்டையில் அவர் பெயர் பொன் எழுத்தில் இருந்தது.

"இதுல பேசறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் தலைவர்.

"அறிக்கையில பேர் இல்லைங்க."

தலைவர் அம்புக்குறியார் பக்கம் திரும்பினார்.

"தகவல் சொன்னவங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அது ஆய்வு நெறி," என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"நல்லாச் சொல்லியிருக்காங்க. அனுபவப்பட்டவங்க போலிருக்கு."

"நடுத்தர வயசுன்னு போட்டிருக்குங்க," என்றாள் சித்தி.

அம்புக்குறியாரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுக்கக் கொஞ்சம் அதிக நேரமானது. எழுந்ததும், அந்த இரண்டு படியும் ஆட்களைக் குறை சொல்வது போல இருக்கும் என்பதால் பாடத்தில் வேண்டாமென்று விட்டதாகச் சொன்னார்.

"ஆனா உங்க அறிக்கையில அதுதான் ரொம்ப முக்கியம்னு இருக்கே சார். நூத்தித் தொண்ணூறாம் பக்கம்."

தன் அறிக்கை தப்பு என்று அவர் சொல்லவேண்டும், அல்லது தன் பாடம் குறை என்று ஒத்துக்கொள்ளவேண்டும், அல்லது அதைச் சொன்னது எதிரில் நிற்கிற இந்தப் பெண்தான் என்று போட்டு உடைக்கவேண்டும். மூன்றாவதைச் சொல்லியிருந்தால் சித்தியின் மதிப்பெண் போயிருக்கும். கூடவே அந்தப் பாடத்தில் அவருக்கு என்ன மிச்சம் என்ற கேள்வியும் வந்திருக்கும். அவர் பேனா மூடியை மறுபடி திருக ஆரம்பித்தார். விண்ணப்பத்தில் சித்தி வேலைபார்க்கும் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அறிக்கையின் அட்டையிலும் அதே பெயர். இரண்டும் ஒரே மேசையில் ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. அறிவை இணைப்பது எப்படி என்று கற்பிக்கும் அந்த இடத்தில், மற்ற இருவரும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டார்கள். சரியாக அறுபது. அதற்கு மேல் கொடுத்தால் பாடம் தப்பு என்று ஆகிவிடுமாம்.

முப்பதாம் தேதி நூலக வாசலில் பலகை மாறியது. அறிவு மேலாளர். ஆணி அடித்த அதிர்வில் உள்ளே ஈரச் சுவரின் நாட்காட்டி கழன்று விழுந்தது. வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் வழக்கம்போல எட்டிப் பார்த்து, "லைப்ரரி மேடம், இதை யார்கிட்ட கேட்கணும்?" என்றார்கள். சித்தி புதிய அதிகாரத்தை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினாள். கேள்வி அட்டைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினாள். இனி அவற்றைக் குப்பை என்று சொல்ல மூன்று கையெழுத்து வேண்டும். சாக்குப் பை இரண்டையும் ஈரச் சுவரின் கீழே மிதியடியாகப் போட்டாள்.

அம்புக்குறியாருக்கு ஒரு சிவப்புப் புள்ளியாவது வைத்தாயா என்று கேட்டேன்.

"எதுக்கு? அவர் சொன்னது வேலைக்கு ஆச்சே," என்றாள்.

போன வாரம் பயிற்சி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பாடத்திட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. 'நிபுணர் இருப்பிட வரைபடம்: ஏழு படிகள்' என்பது இப்போது தனி உயர்நிலைப் படிப்பு, பயிற்றுநர் அம்புக்குறியார். பழைய மாணவி என்பதால் சித்திக்கு முன்னுரிமை உண்டு. நிர்வாக மேலாளர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தைக் கீழே அனுப்பிவிட்டார். அறிவு மேலாளர் தொடர்ந்து கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறதாம். சித்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பெயர், பதவி, முன்பு பெற்ற மதிப்பெண். 'இப்படிப்பின் மூலம் நீங்கள் அறிய விரும்புவது என்ன?' என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பட்டியல் அட்டையில் எழுதும் அந்தச் சின்ன, நேரான எழுத்தில் எழுதினாள்:

'போன தடவை நான் என்ன சொன்னேன் என்பதை.'